எச்.ஐ.வி.: முதல் மாத்திரை ஏன் தாமதமாகிறது?

எச்.ஐ.வி. உறுதியான பின் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களில் பலர் உடல் நலிந்தவர்கள் அல்லர். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, வேலைக்குப் போக முடிகிறது. "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, இப்போதே எதற்கு மாத்திரை?" ஆலோசகராக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அறிகுறியே இல்லாமல் வைரஸ் பல ஆண்டுகள் பெருகும். நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான சிடி4 அணுக்கள் குறைந்துகொண்டே போகும். காசநோய் வந்து படுத்த பிறகு தொடங்கினாலும் மருந்து வேலை செய்யும். ஆனால் இழந்த எதிர்ப்பாற்றல் முழுவதும் திரும்புவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இந்த எண்ணம் வளர மருத்துவ வழிகாட்டுதல்களும் ஒரு காரணம். சிடி4 எண்ணிக்கை 350-க்குக் கீழே வரட்டும், பின்னர் 500-க்குக் கீழே வரட்டும் என்று அவை காத்திருக்கச் சொன்ன காலம் உண்டு. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த வரம்பையே நீக்கியது. நோய் உறுதியான 7 நாட்களுக்குள், நோயாளி தயாரென்றால் அன்றைக்கே தொடங்கலாம் என்று 2017-இல் பரிந்துரைத்தது. பழைய அறிவுரையை நம்பி இன்னும் காத்திருப்பவர்கள் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது பயம். நோயைவிட, அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். துணையிடம் இன்னும் சொல்லாத ஒருவருக்கு மாத்திரைப் புட்டியை எங்கே வைப்பது என்பதே பெரிய கவலை. அவரைத் தைரியமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினால் போதாது. யாரிடம் முதலில் சொல்வது, எப்படிச் சொல்வது என்று கூட இருந்து திட்டமிட வேண்டும்.

ஆனால் பழியை நோயாளியின் மனத்தின் மேல் மட்டும் போடுவதை நான் ஏற்கமாட்டேன். பரிசோதனை ஓரிடம், மருந்து வேறிடம், முடிவு வாங்க ஒரு நாள், ஆலோசனைக்கு இன்னொரு நாள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. இந்த அலைச்சலில்தான் மனிதர்கள் கைநழுவிப் போகிறார்கள். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனையும் மருந்தும் கர்ப்பகாலக் கவனிப்போடு ஒரே இடத்தில் கிடைக்கும்போது, அவர்கள் விரைவில் தொடங்கிவிடுகிறார்கள். ஆண்களுக்கு அப்படி இயல்பாக மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பு குறைவு. சிடி4 முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவைக்கத் தேவையில்லை என்பதையும் ஊழியர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. காசநோயாலோ கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையாலோ மூளையுறையில் அழற்சி இருந்தால், மருத்துவரே சில வாரங்கள் வேண்டுமென்றே தாமதிப்பார். எதிர்ப்பாற்றல் திடீரென மீளும்போது அந்த அழற்சி ஆபத்தாக முற்றக்கூடும்.

தயங்குபவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் செய்தி இது: மருந்தைத் தொடர்ந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்கு அது பரவாது. பலர் அதைக் கேட்ட பிறகுதான், மருந்தை எப்போது தொடங்கலாம் என்று கேட்கிறார்கள்.