அடையாள அட்டை இலக்கம் பூட்டு ஆகாது

கல்லடியில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, பிரிண்ட், ஒன்லைன் விண்ணப்பம் என்று ஊர்ச் சனத்தின் கடதாசிகள் பாதி என் மேசைக்கு வந்துதான் போகும்.

போன மாதம் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், மகளின் குடும்ப வழக்குக் கடிதங்களைப் பிரிண்ட் எடுக்க வந்தார். பீடிஎஃப் ஃபைலைக் கடை வட்ஸ்அப்புக்கு அனுப்பினார். அதற்குக் கீழேயே தன் அடையாள அட்டை இலக்கம். "அதுதான் பாஸ்வேர்ட், மகன். பூட்டித்தான் வச்சிருக்கன், ஒருத்தரும் பார்க்க ஏலாது" என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அவரை உட்கார வைத்து விளக்கினேன்.

நமது இலங்கைப் பழைய அட்டை இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 1958 ஜனவரி 10 பிறந்த பெண்ணின் இலக்கம் 58510 என்றுதான் தொடங்கும். பிறந்த நாள் தெரிந்தவருக்கு மிச்சம் நான்கு இலக்கம்தான், அதாவது 10,000 வாய்ப்பு. கொம்பியூட்டருக்கு அது பெரிய வேலையே இல்லை. 12 இலக்கப் புதிய அட்டையிலும் பிறந்த நாள் அப்படியேதான் இருக்கிறது. சரி, கணக்குப் போடவே வேண்டாம்: கிராம சேவகர், வங்கி, சிம் கார்ட் கடை என்று எத்தனை இடத்தில் அந்த அட்டையின் கொப்பியைக் கொடுத்திருக்கிறோம்!

ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்துப் பாஸ்வேர்ட் வையுங்கள். உங்களுக்கு நினைவில் நிற்கும், மற்றவருக்கு ஊகிக்க வராது. அதை ஃபைலோடு சேர்த்து அனுப்பாதீர்கள். கோல் எடுத்து வாயால் சொல்லுங்கள். வேர்டில் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்' என்பதுதான் உண்மையான பூட்டு. எக்செலில் 'ப்ரொடெக்ட் ஷீட்' போட்டால் மாற்றி எழுதுவதைத்தான் தடுக்கும், வாசிப்பதைத் தடுக்காது. கணக்குப் பார்க்கிற ஆட்களே இதில் ஏமாந்து போயிருக்கிறார்கள். ஒன்று, வேர்ட் பாஸ்வேர்டை மறந்தால் மைக்ரோசொஃப்டாலும் திறந்து தர முடியாது. வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

அப்புறம், எங்களைப் போன்ற கடைகள். ஒரு தடவை திறந்து எங்கள் கொம்பியூட்டரில் சேமித்த ஃபைல் அங்கேயே கிடக்கும். பிரிண்ட் எடுத்ததும் வட்ஸ்அப், டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின் மூன்றிலும் உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். ரீச்சர் அன்று அப்படித்தான் கேட்டார். அழித்துக் காட்டிய பிறகுதான் எழும்பினார்.