பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு: 50 லட்ச ரூபாய் உதவி எங்கே சிக்குகிறது?

குழந்தைக்கு நிமோனியா, காதில் சீழ், ஆறாத கட்டி என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பிவிடுவார்கள். பிறவியிலேயே எதிர்ப்பு சக்தியில் குறை இருக்குமோ என்று யாராவது கேட்பதற்குள் நுரையீரல் கெட்டுவிடுகிறது. அப்படிக் கெட்டபின் அலையும் பெற்றோரை நிறையப் பார்த்தாயிற்று.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. 2022 முதல் ஒரு நோயாளிக்கு 50 லட்ச ரூபாய் வரை உதவி. எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படும் ஸ்கிட் (எதிர்ப்பு சக்தியே கிட்டத்தட்ட இல்லாத நிலை), சிஜிடி (வெள்ளை அணுக்களால் சில கிருமிகளைக் கொல்ல முடியாத நிலை), தொடர்ந்து ஐவிஐஜி (மற்றவர்கள் ரத்தத்திலிருந்து எடுத்து நரம்பு வழியே ஏற்றும் எதிர்ப்புப் புரதம்) ஏற்ற வேண்டிய எக்ஸ்எல்ஏ (உடலில் எதிர்ப்புப் புரதமே உருவாகாத நிலை) எல்லாம் பட்டியலில் உண்டு.

ஆனால் பணம் உங்கள் கணக்குக்கு வராது. சிறப்பு மையமாக அறிவித்த மருத்துவமனைக்குத்தான் போகும்: சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, சண்டிகர் பிஜிஐ, டெல்லி எய்ம்ஸ் மாதிரி. விண்ணப்பமும் அங்கிருந்துதான் போக வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் காத்திருந்தால் நாள்தான் போகும். மாற்றுத்திறனாளி அட்டை கொண்டு வா என்று எந்த கவுன்டரிலாவது விரட்டினால் அதற்காக அலையாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் தலசீமியா என்ற ரத்த நோய் இருக்கிறது, இந்தக் குறைபாடு இல்லவே இல்லை, இல்லாத அட்டையை எங்கே போய் வாங்குவது?

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அடிக்கடி நிமோனியா' என்று மட்டும் இருந்தால் பயனில்லை. குறைபாட்டின் பெயரை எழுதி வாங்குங்கள்.

இதைவிட முக்கியம், முதல் ஐவிஐஜி ஏற்றுவதற்கு முன்பே இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரதம்) அளவு பார்க்க ரத்தம் எடுத்தாக வேண்டும். அவசரத்தில் ஏற்றிவிட்டு அப்புறம் எடுத்தால், ரத்தம் கொடுத்தவர்களின் புரதம்தான் ரிப்போர்ட்டில் தெரியும், 'நார்மல்' என்றுகூட வந்துவிடும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளைக்கு நோயே இல்லை என்பார்கள். சரி, மறுபடி எடுக்கலாமே என்றால் ஐவிஐஜியை நிறுத்திப் பல வாரம் காத்திருக்க வேண்டும், அது ஆபத்து.

வீட்டில் ஒரு குழந்தைக்கு ஸ்கிட் அல்லது சிஜிடி என்றால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே பிரசவ வார்டில் சொல்லிவிடுங்கள். பிறந்ததும் போடும் பிசிஜி தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி, இந்தக் குழந்தைகளுக்கு அதுவே உடம்பெல்லாம் பரவலாம். பரிசோதனை முடியும்வரை போட வேண்டாம் என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்கி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

ஐவிஐஜி அளவு எடையைப் பொறுத்தது. பிள்ளை வளர வளர செலவும் ஏறும், ஒதுக்கிய தொகை நினைத்ததைவிடச் சீக்கிரம் கரையும். எவ்வளவு மிச்சம் என்று மையத்தில் அவ்வப்போது கேட்டு, தீருவதற்கு முன்பே அடுத்த தவணைக்கு எழுத வையுங்கள்.