மைலேஜ் விதி கம்பெனிக்கு, பெட்ரோல் பில் நமக்கு

திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். புது வண்டி எடுக்கப்போகிறவர்கள் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது வழக்கம். "அண்ணாச்சி, பிக்கப் நல்லா இருக்கணும், மைலேஜும் இருவதுக்குக் கொறையக் கூடாது" என்பார்கள். கொஞ்ச காலமாக இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "அதான் கவர்மெண்டே மைலேஜுக்குச் சட்டம் போட்டிருக்கே, எந்த வண்டி எடுத்தாலும் சுமாராக் கொடுக்கும்லா?" சட்டம் இருப்பது உண்மை. ஆனால் அது நீங்கள் வாங்கும் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சட்டத்தைத்தான் கஃபே விதி என்று சொல்கிறார்கள். அது கம்பெனியின் சராசரிக்கான விதி. ஒரு கம்பெனி ஒரு வருஷத்தில் விற்ற கார்களை எல்லாம் சேர்த்து, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று கணக்குப் பார்ப்பார்கள். 2017-18-இல் தொடங்கியபோது வரம்பு 130 கிராம், 2022-23 முதல் 113 கிராம். பெட்ரோலில் சொன்னால் 100 கிலோமீட்டருக்கு சுமார் 4.78 லிட்டர், அதாவது லிட்டருக்கு 21 கிலோமீட்டர் பக்கம். ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் ஸ்டார் ஒட்டுகிற அதே எரிசக்தித் திறன் பணியகம்தான் இதையும் பார்க்கிறது. மீறினால் விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் 25,000 அல்லது 50,000 ரூபாய் அபராதம் என்று 2022-இல் சட்டத்தைத் திருத்தியும் விட்டார்கள்.

கேட்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் சராசரி என்றாலே மேலும் கீழும் இருக்கும். ஒரு கம்பெனி சின்ன கார், சிஎன்ஜி கார், மின்சார கார் நிறைய விற்றால், பத்து கிலோமீட்டர் கொடுக்கும் எஸ்யூவியையும் அதே கணக்குக்குள் தாராளமாக விற்கலாம். மின்சார கார் ஒன்றை மூன்றாக எண்ணிக்கொள்ளவும் விதியில் இடம் உண்டு. அதோடு, 113 என்பது சராசரி எடை 1082 கிலோ என்று வைத்துச் சொன்ன எண். கம்பெனியின் வண்டிகள் அதைவிடக் கனமாக இருந்தால் வரம்பும் தளரும். எனக்கு இது சரியாகப் படவில்லை. எரிபொருள் மிச்சம் பிடிக்கப் போட்ட விதி, கனமான வண்டி செய்கிறவருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. 2027-இல் வரவேண்டிய அடுத்த கட்டத்தில் சின்ன காருக்குச் சலுகை கொடுப்பதா வேண்டாமா என்று கம்பெனிகளுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது.

இந்தக் கதை அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு சுற்று ஓடி முடிந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், 1975-இல் அங்கே கம்பெனிச் சராசரி விதி வந்தது. 1985-க்குள் கார்கள் கேலனுக்கு 27.5 மைல், நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர் கொடுக்க வேண்டும் என்றார்கள். பிக்கப் டிரக் மாதிரியான வண்டிகளுக்கு மட்டும் தனியாக, இளகிய வரம்பு வைத்தார்கள். குடும்பத்தோடு போகிற எஸ்யூவியும் அந்த வகைக்குள் நுழைந்துகொண்டது. கம்பெனிக்கும் அதில் லாபம், ஓட்டுகிறவருக்கும் உயரமான, வலுவான வண்டி. 1980 முதல் 2006 வரை என்ன நடந்தது என்று எம்.ஐ.டி. பொருளாதாரப் பேராசிரியர் கிறிஸ்டோபர் நிட்டல் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் அங்கே விற்ற வண்டிகளின் குதிரைத்திறன் இரண்டு மடங்குக்கு மேல் போனது, எடை நாலில் ஒரு பங்கு கூடியது, மைலேஜ் கூடியது 15 சதவீதம்தான். எடையையும் பவரையும் 1980-இல் இருந்தபடியே விட்டிருந்தால், அதே தொழில்நுட்பத்தில் மைலேஜ் 60 சதவீதம் வரை கூடியிருக்கும் என்பது அவர் கணக்கு. இன்ஜினியர்கள் மிச்சம் பிடித்துக் கொடுத்ததில் பெரும்பகுதி பவருக்கும் எடைக்குமே போய்விட்டது.

நம் ஊரில் வாங்குகிறவருக்கு நேரடியாகப் படுவது வரி ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு உட்பட்ட, சின்ன எஞ்சின் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40. ஆனால் பெரிய எஸ்யூவிக்கு முன்னால் செஸ் என்கிற கூடுதல் வரியோடு சேர்த்து 50 வரை இருந்தது, அதுவும் குறைந்துதான் இருக்கிறது.

சரி, ஷோரூமில் சொல்லும் மைலேஜுக்கு வருவோம். அது ரோட்டில் எடுத்த எண் இல்லை. சோதனைக்கூடத்தில், உருளை மேல் வண்டியை நிறுத்தி, ஏசி போடாமல், மெதுவாக வேகம் கூட்டி ஓட்டி எடுப்பது. உச்ச வேகம் 90-ஐத் தாண்டாது. நம்மவர்கள் சித்திரை வெயிலில் ஏசியை முழுசாக வைத்துக்கொண்டு ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துப் பக்கம் ஊர்ந்து போகிறார்கள். வித்தியாசம் வராமல் எப்படி இருக்கும்? டர்போ பெட்ரோல் வண்டிகளில் இது இன்னும் அதிகம். மெல்ல மிதித்தால் அது சின்ன எஞ்சின். அழுத்தி மிதித்தால் டர்போ காற்றைத் திணிக்கும், அதற்கேற்ற பெட்ரோலும் உள்ளே போகும். அந்தப் பிக்கப்புக்காகவே வாங்கினவர் அழுத்தித்தான் மிதிப்பார்.

பைபாஸில் வேகம் தின்னும் கணக்கு தனி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-இல் போவதற்கும் 110-இல் போவதற்கும் அந்த எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு நேராகப் போகிறவர்களுக்கு எதிர்காற்றும் சேரும். உயரமான, அகலமான வண்டி என்றால் இன்னும் மோசம். மேலே கேரியரும் மாட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

என்னை உண்மையாகவே வருத்தப்பட வைப்பது பெரிய டீசல் வண்டிகள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களில் டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி தானே எரித்துத் தள்ளும். அதற்குப் புகை 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும், வண்டி ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பாளையங்கோட்டையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, கடைக்குப் போய், வீட்டுக்கு வந்து நிறுத்துகிற வண்டியில் அந்த வேலை பாதியிலேயே நின்றுபோகும். எரிக்கிறதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலக்கும், ஆயில் அளவு ஏறும். அப்புறம் மீட்டரில் விளக்கு எரியும். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் வண்டி இழுக்காது. பவருக்காக வாங்கின வண்டி பவர் இல்லாமல் டோ வண்டியில் ஏறி வரும். விளக்கு முதலில் எரிந்ததுமே நாங்குநேரி வரைக்கும் பைபாஸில் ஒரு சீராக 60, 70-இல் ஓட்டிவிட்டு வந்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். உங்கள் வண்டிப் புத்தகத்திலும் இது எழுதியிருக்கும்.

இதற்குக் குறுக்குவழியாக வடிகட்டியை வெட்டி எடுத்து, இசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி (ரீமேப்) பவரையும் கூட்டித் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி குற்றம், வாரண்டியும் போகும். அதைவிட, அந்தக் கரி முழுசும் பின்னால் டூவீலரில் பிள்ளையை வைத்துக்கொண்டு வருகிறவர் நெஞ்சுக்குள் போகும்.

வலுவான வண்டி யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. களக்காட்டில் வாழைத்தார் ஏற்றுகிறவருக்கு வேண்டும். ஏழு பேரை வைத்து மாஞ்சோலை ஏறுகிறவருக்கு வேண்டும். ஆனால் அவர்கள் பார்க்க வேண்டியது உச்சக் குதிரைத்திறனை இல்லை, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே (குறைந்த ஆர்பிஎம்மில்) எவ்வளவு டார்க், அதாவது இழுவை, கிடைக்கிறது என்பதை. ஊருக்குள்ளேயே மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் வேறு கணக்குப் போட வேண்டும்: லிட்டருக்கு 18 கொடுக்கும் வண்டிக்கு 56 லிட்டர், 11 கொடுப்பதற்கு 91 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 3,500 ரூபாய் வித்தியாசம், ஒரு பிள்ளையின் டியூஷன் பீஸ்.

வாங்கும் முன் டெஸ்ட் டிரைவை பைபாஸில் மட்டும் முடித்துக்கொள்ளாதீர்கள். ஏசி போட்டு, வீட்டு ஆட்களை ஏற்றி, சமாதானபுரம், ஜங்ஷன் வழியாக டவுன் வரை போய்ப் பாருங்கள். அதே மாடலை வாடகைக்கு ஓட்டும் டிரைவர் யாராவது கிடைத்தால் டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி அவர் எடுத்த கணக்கு என்ன என்று கேளுங்கள். மீட்டர் காட்டும் சராசரியை அவர்கள் நம்ப மாட்டார்கள், பங்க் பில்லை வைத்துத்தான் சொல்வார்கள்.