ஞாயிறு டிபனும் எட்டு மணி மாத்திரையும்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் தெருமுனை ஓட்டலில் லேசில் இடம் கிடைக்காது. சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் காபி சொல்லிவிட்டாரா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டிபனும் மதியச் சாப்பாடும் ஒன்றாகிவிட்ட வேளை. பிள்ளைகள் பிரஞ்ச் என்கிறார்கள். நானும் போகிறவன்தான். சுகர் டாக்டர் என்பதால் நெய் ரோஸ்டைத் திட்டப்போகிறேன் என்று பயப்பட வேண்டாம். அதைவிட அவசரமான சங்கதி, காலை மாத்திரை.

என்னிடம் பல வருடங்களாக வரும் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். வெளியூரிலிருந்து மகன் குடும்பம் வந்திருந்தது. “அம்மாவுக்கு இன்னைக்கு லீவு, வெளியில சாப்பிடலாம்ப்பா.” அவர் வழக்கம்போல எட்டு மணிக்கே கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். எல்லோரும் குளித்துக் கிளம்பப் பத்தரை. ஓட்டலில் காத்திருந்து உட்காரும்போது பதினொன்றேகால். தண்ணீர் வைக்கத் தாமதமானதற்கு சர்வரிடம் கத்தியிருக்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். பசிக் கோபம் என்று வீட்டார் சிரித்தார்கள். ஃபேனுக்கு அடியில் சட்டை நனைய வியர்த்தது. என்ன வேணும் என்று கேட்டால் சம்பந்தமில்லாத பதில். பக்கத்து மேசையிலிருந்த ஒரு அம்மா, “இவருக்கு சுகர் இருக்கா?” என்று கேட்டுத் தன் காபிக்கு வந்த சர்க்கரையை அவர் பக்கம் தள்ளிவைத்தார். அதைச் சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

கிளிமிபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் கணையத்தை இன்சுலின் சுரக்கவைப்பவை. சாப்பாடு வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்காது. சுகர் 70-க்குக் கீழே போனால் லோ சுகர். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அபூர்வம். நீங்கள் எந்த ரகம் என்று அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். “வெள்ளை மாத்திரை, சின்னது” என்று என்னிடம் சொல்பவர்கள்தான் அதிகம்.

சாப்பாடு தள்ளிப்போனால் இன்சுலின் சுரக்கவைக்கும் மாத்திரையும் தள்ளிப்போக வேண்டும். கையோடு ஓட்டலுக்கு எடுத்துப் போகலாம். எவ்வளவு தள்ளலாம், அன்றைய அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்பதை உங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிலருக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்லியிருப்போம். வீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினால், ஞாயிறு கூட்டத்தில் அந்த அரை மணி எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மாத்திரையை ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சர்க்கரை போடாத பில்டர் காபி பசியை மறக்கடிக்கும், அவ்வளவுதான்.

லோ சுகர் என்று தோன்றினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, தண்ணீரில் கரைத்து. கால் மணியில் தெளியாவிட்டால் மறுபடியும். கேசரியும் ஐஸ்கிரீமும் உடனே உதவாது. கொழுப்பு, சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ் கலந்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதா சர்க்கரையே சீக்கிரம் வேலை செய்யாது, மெடிக்கலில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். தெளிந்த பிறகும் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி இறங்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிபிக்கு மெட்டோபுரோலால், அட்டெனலால் எடுப்பவர்களுக்குக் கை நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை காட்டிக்கொடுக்கும். வீட்டார் அதைப் பார்க்க வேண்டும், திடீர்க் கோபத்தையும்.

அன்று ஓட்டலில் வியர்த்துப்போனவர் இப்போது சட்டைப் பையில் மாத்திரையும் ஒரு பொட்டலம் குளுக்கோஸும் வைத்திருக்கிறார். தோசை மேசைக்கு வந்த பிறகுதான் மாத்திரை. போன மாதம் ஒரு ஞாயிறு, என் நாற்காலிக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். அவர்தான்.

“டாக்டர், காபி சொல்லிட்டீங்களா?”