புரிந்ததா, புரிந்த மாதிரி இருந்ததா?

"சார், நீங்க பிசிக்ஸ் பாடமே நடத்துறதில்லையாம். கேள்வியைப் போட்டுட்டுப் பிள்ளைகளையே பேச விட்டுடுறீங்களாம்." இந்த வாரமும் ஒரு தகப்பனார் தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து வருத்தத்தோடு கேட்டுவிட்டுப் போனார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவருடைய மகள் நன்றாகப் படிக்கிற பிள்ளை. செங்குத்தாகச் சுண்டிய காசு எவ்வளவு உயரம் போகும் என்று கணக்குக் கொடுத்தால், முடுக்கத்துக்கு (வேகம் மாறும் வீதத்துக்கு) 9.8 போட்டு, மைனஸ் குறியையும் விடாமல், சரியான விடையோடு வருவாள். அதே காசு உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அங்கே முடுக்கம் எவ்வளவு என்று கேட்டேன். "சைபர் சார்" என்றாள். மேலே போய்க்கொண்டிருக்கும்போது காசின் மேல் செயல்படும் விசைகளை வரையச் சொன்னேன். ஈர்ப்பு விசைக்குக் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி, "கை கொடுத்த விசை" என்று மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. வகுப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான் வரைந்திருந்தார்கள். ஒரே நோட்டில் இந்தப் பக்கம் 9.8, அந்தப் பக்கம் சைபர்! கையை விட்ட பிறகு ஈர்ப்பு விசை மட்டும்தான், உச்சியிலும் அதே 9.8தான். இயற்பியல் ஆசிரியர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளைக் குறைத்துச் சொல்லவில்லை. 1982ல் ஜான் கிளமென்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிடம் இந்தக் காசுக் கேள்வியைக் கேட்டபோதும் அதே இரண்டு அம்புக்குறிகள்தான் வந்தன.

இனி, எனக்கு ஆற்றாமையைத் தருகிற விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர் தெளிவாக நடத்தினால் பிள்ளைக்குப் புரிந்துவிடும் என்று எல்லோரும் உறுதியாக நம்புகிறார்கள். பெற்றோர், தாளாளர்கள், ஏன், பல ஆசிரியர்களும் நம்புகிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹலூன், ஹெஸ்டினஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1985ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேராசிரியர்கள், நான்கு விதமான பாணி. மாணவர்களின் அடிப்படைப் புரிதலில் ஏற்பட்ட முன்னேற்றமோ நால்வரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். 1998ல் ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியல் பேராசிரியர் 6000க்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். பாடம் தொடங்குமுன் தெரியாமலிருந்ததில் எவ்வளவு பங்கை முடிவில் கற்றிருந்தார்கள் என்பதுதான் கணக்கு. வழக்கமான விரிவுரை வகுப்புகளில் சராசரி 23 சதவீதம். மாணவர்களை யோசிக்கவும் பேசவும் வைத்த வகுப்புகளில் 48.

"பிள்ளையே சொல்றாளே, அந்த சார் நடத்தினா நல்லாப் புரியுதுன்னு" என்பீர்கள். அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் தோன்றும். 2019ல் ஹார்வர்டில் டெஸ்லோரியர்ஸ் குழு இதைத்தான் பார்த்தது. அதே பாடம், ஒரு பாதிக்குச் சரளமான விரிவுரை, மறு பாதிக்குத் தாங்களே முட்டிமோதிப் பார்க்கும் வகுப்பு. முட்டிமோதியவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள்! தயவுசெய்து இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் மகள் வீட்டுக்கு வந்து "குழப்பமா இருக்குப்பா" என்று சொன்னால், அவள் மூளை வேலை செய்துகொண்டிருக்கலாம்.

இளம் ஆசிரியர்களுக்கு: ஸ்மார்ட் போர்டு இல்லையே என்று சாக்குச் சொல்லாதீர்கள். ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் செய்துவரும் முறைக்குப் பழைய காலண்டர் அட்டை போதும். அ, ஆ, இ, ஈ என்று எழுதிக் கொடுங்கள். நான்கு விடைகளோடு கேள்வி போடுங்கள், தனியாக யோசித்து அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுங்கள், மறுபடி தூக்கச் சொல்லுங்கள். முதல் தடவையில் ஏறக்குறைய பாதிப்பேர் சரியாகச் சொல்கிற கேள்விதான் நல்ல கேள்வி. எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்டு நேரத்தை வீணடிக்காதீர்கள். அப்புறம், சோதனை செய்துகாட்டும்போது முதலில் என்ன நடக்கும் என்று எழுதி வாங்காமல் செய்துகாட்டவே கூடாது. வெறுமனே பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை என்று மசூரின் குழு 2004லேயே எழுதிவிட்டது. காரைக்குடியில் இருக்கும் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்குப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய், ஒவ்வொரு மேசை முன்னாலும் அரை நிமிடம் நிறுத்திக் கூட்டிவருகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பெற்றோருக்கு: கைடு வாங்கிக் கொடுத்து 'ஒன் வேர்டு' ஒப்பிக்கச் சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். வீட்டில் வழவழப்பான ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலை (கூடம்) இருந்தால் ஓர் எவர்சில்வர் தட்டை அதில் தள்ளிவிடுங்கள். கையை விட்ட பிறகும் வழுக்கிக்கொண்டு போகிறதே, அப்போது அதை முன்னால் தள்ளுவது எது, கடைசியில் நிற்க வைப்பது எது என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பாட்டி ஒரு பதில், தம்பி ஒரு பதில் என்று வீடே சண்டை போடட்டும். நீட் இருக்கிறதே என்கிறீர்களா? அதற்கும் இந்தப் புரிதல்தான் வேண்டும்.

அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது "போர்ஷன் எது வரை முடிஞ்சிருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். நோட்டை வாங்கிப் பாருங்கள். பாடத்துக்கு முன் அவள் என்ன நினைத்தாள், ஏன் அப்படி நினைத்தாள், எந்த இடத்தில் மனதை மாற்றிக்கொண்டாள் என்று எழுதியிருப்பாள். அடித்தல் திருத்தலாகத்தான் இருக்கும். அதற்காகப் பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.