ஊர்ச் சீட்டுக் காசுக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு?

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வேலை செய்யும் பலர் சம்பளம் வந்த கையோடு ஊர்ச் சீட்டுக்குக் காசு அனுப்பிவிடுவார்கள். 20 பேர், மாதம் 5,000 ரூபா என்றால் முறை வரும்போது ஒரு இலட்சம் கையில். பிணையாளி, சம்பளச் சான்று எதுவும் கேட்கமாட்டார்கள். முதலில் எடுப்பவருக்கு இது கடன், கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. ஆகவே கடைசி ஆளின் காசு முழுக்க மற்றவர்களின் நேர்மையில்தான் நிற்கிறது.

இலங்கை மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி இதற்கும் உண்டென்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால்தான், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை அந்தத் திட்டம் ஈடு கொடுக்கும்.

பதிவு செய்த சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அந்தக் காப்புறுதி கிடையாது. ஆனால் அது 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்துக்குள் வருவதால் கணக்காய்வு உண்டு, முறையிடக் கூட்டுறவு ஆணையாளர் இருக்கிறார். சீட்டை விட இது ஒரு படி மேல் என்பேன்.

வட்டி தருகிறேன் என்று ஊரெல்லாம் வைப்புச் சேர்ப்பவரின் கதை வேறு. 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைச் செய்வது குற்றம். அவர் சொந்தக்காரராக இருந்தாலும் காசைக் கொடுக்காதீர்கள்.

சரி, தெரிந்தவர்கள் பிடிக்கும் சீட்டில்தான் சேரப்போகிறீர்கள் என்றால் எழுத்து வேண்டும். யார் எப்போது எடுத்தார், இன்னும் எவ்வளவு கட்டவேண்டும் என்று கொப்பியில் எழுதி, எடுத்தவரிடம் கையொப்பம் வாங்குங்கள். "மாமியிடம் போய்க் கையொப்பமா" என்று கூச்சம் வரும்தான். ஆனால் நம் காலவிதிப்புச் சட்டத்தில் வாய்ப்பேச்சுக் கொடுக்கல் வாங்கலுக்கு வழக்குப் போட 3 வருடம்தான். கையொப்பமிட்ட எழுத்து உடன்பாட்டுக்கு 6 வருடம். ஊருக்குள் பேசித் தீர்ப்போம் என்று இழுத்தடிப்பதிலேயே 3 வருடம் ஓடிவிடும்.

காசு வராவிட்டால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. தீர்வு வராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் தருவார்கள். நீதிமன்றத்துக்குப் போக அது தேவைப்படும், அந்தக் கொப்பியும்தான்.