கார் நிற்பதற்கு முந்திய கடைசி மீற்றர்

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான செய்முறைப் பரீட்சையில் பக்கத்து ஆசனத்திலிருக்கும் பரீட்சகர் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னால், அநேகமாக எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் கார் நின்ற கணத்தில் இருவருடைய தலையும் ஆடினால், அந்த நிறுத்தம் சரியில்லை என்பதைப் பரீட்சகரின் கழுத்தே அவருக்குச் சொல்லிவிடும்.

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 11 மீற்றர் போகிறது. அதை 30 மீற்றர் தூரத்துக்குள் சீராக நிறுத்துவதற்கு, அதன் வேகம் ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு 2 மீற்றருக்குச் சற்று மேல் குறைந்தால் போதும். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிவிடுவதால், அதே பிறேக் அழுத்தத்தில் நிற்கும் தூரமும் நான்கு மடங்காக நீளும்.

தலை ஆடுவதற்குக் காரணம் வேறு. பிறேக் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் காரின் பாரம் முன்சில்லுகளின் மேல் சாய்ந்து முன்பக்கச் சுருள்வில்லுகளை அமுக்கி வைத்திருக்கிறது. சில்லுகள் நின்றதும் அந்த விசை ஒரே நொடியில் இல்லாமற் போவதால், அமுங்கிய வில்லுகள் விரிந்து காரைப் பின்னோக்கி உதைக்கின்றன. மிதியை ஒரே அளவில் அழுத்திக்கொண்டே இருந்தால் இந்த உதைப்பைத் தவிர்க்க முடியாது. ஆகவே வேகம் மணிக்கு 4 கிலோமீற்றர் அளவுக்கு, அதாவது ஆள் நடக்கும் வேகத்துக்கு, இறங்கியதும் காலைச் சற்றுத் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் மிச்சமுள்ள வேகம் 30 சென்ரிமீற்றரில் தீர்ந்துவிடும். பிறேக் விசையைக் கால்வாசியாகக் குறைத்தால் அதற்குச் சுமார் 1.2 மீற்றர் தேவைப்படும். இந்த ஒரு மீற்றரை, நிற்க வேண்டிய கோட்டுக்கு முன்பே ஒதுக்கி வைக்காதவர்கள்தான் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள், அல்லது பயந்து கடைசியில் இன்னும் இறுக்கி மிதிக்கிறார்கள்.

கிளச்சையும் நேரம் பார்த்தே மிதிக்க வேண்டும். முன்கூட்டியே மிதித்தால் எஞ்சின் காரை இழுத்துப் பிடிக்கும் உதவி போய்விடும். பிந்தி மிதித்தால் சில்லுகளோடு பிணைந்த எஞ்சின் தன் குறைந்தபட்சச் சுழற்சிக்கும் கீழே இறங்கி, நடுங்கி நின்றுவிடும்.

இவையெல்லாம் ரயர் வீதியைப் பற்றிக்கொள்ளும் வரைக்கும்தான். கல்லடிக் கடற்கரையை ஒட்டிய வீதிகளில் காற்று கொண்டுவந்து போட்ட மணலும், அறுவடைக் காலத்தில் அம்பாறைப் பக்கத்து வீதியோரங்களில் காயப்போட்டிருக்கும் நெல்லும், ரயருக்கும் தாருக்கும் நடுவே உருளும் பொருட்கள். அங்கே திடீரென்று மிதித்தால் சில்லு சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கக்கூடும். சில்லு பூட்டிய காருக்கு ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. நெல்லுக்கு முன்னே, வெறும் தாரில், கார் நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டால், நெல்லின் மேல் பிறேக்குக்கு அதிக வேலை இருக்காது.